மிஷினைக் கடைசியில் வாங்குங்கள்: மூட்டத்தில் மிஞ்சும் கரித்தூளைக் காசாக்கும் வழி

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் (விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்குவது) போடும் ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். நல்ல கரியெல்லாம் சாக்கில் ஏறி லாரியில் போய்விடும். களத்தில் கறுப்பாகத் தூள் குவிந்து கிடக்கும். மொத்தக் கரியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இப்படித் தூளாக நின்றுவிடுகிறது. மரம் வெட்டிய கூலியும் மூட்டம் காத்த இரவுகளும் அந்தத் தூளுக்குள்ளும் இருக்கின்றன. அது காற்றிலும் மழையிலும் வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. உறவினர்களோடு சேர்ந்து அதைக் கரிக்கட்டியாக அடித்து விற்கும் வேலையில் இறங்கினேன்.

எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. மிஷின் விற்பவர் மிஷினிலிருந்து ஆரம்பிக்கிறார், வங்கி கொட்டேஷனிலிருந்து ஆரம்பிக்கிறது, அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த அலைச்சலில் மாட்ட வேண்டாம் என்பதற்காக, வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

1. உங்களிடம் இருப்பது எந்தத் தூள் என்று முடிவு செய்யுங்கள்

இங்கே நான் சொல்வதெல்லாம் மரக்கரித் தூளுக்கு. தேங்காய்த் தொட்டிக் கரித்தூளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நிலக்கரித் தூளுக்குப் பொருந்தாது.

நிலக்கரியில் கந்தகம் உண்டு. எரியும்போது மூக்கைத் துளைக்கும் நெடியோடு புகை வரும். அதைச் சூளைக்கும் பாய்லருக்கும் விற்கலாம், உணவு சமைக்கும் அடுப்புக்குக் கொடுக்கக் கூடாது. எடை கூடட்டும் என்று மரக்கரித் தூளில் நிலக்கரித் தூளைக் கலந்து தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடியை இரும்புத் தட்டில் போட்டு எரித்துப் பாருங்கள். நல்ல மரக்கரித் தூள் பிடித்த பிறகு புகையே இல்லாமல் கனலும். மஞ்சள் புகையோ கந்தக நெடியோ வந்தால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள்.

2. மண்ணையும் தண்ணீரையும் அளந்து பாருங்கள்

மூட்டத்தின் மேல் வைக்கோலும் இலைதழையும் பரப்பி மண் பூசித்தான் மூடுகிறோம். பிரிக்கும்போது அந்த மண் தூளோடுதான் சேரும். அனலடங்கத் தண்ணீரும் தெளிப்போம். ஆக, நீங்கள் ஒரு டன் தூளுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் கரி, மண், தண்ணீர் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இந்தத் தொழிலில் லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தண்ணீருக்கு: குவியலின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து சரியாக ஒரு கிலோ நிறுங்கள். தகரத்தில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துத் திரும்ப நிறுங்கள். 900 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல சரக்கு. 800 கிராம் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். டன் 4,000 ரூபாய்க்கு வாங்கினால் 800 ரூபாய் தண்ணீருக்குப் போகிறது.

மண்ணுக்கு: காய்ந்த தூளில் 100 கிராம் எடுத்து, இரும்புச் சட்டியில் வைத்து, திறந்த வெளியில் கிளறிக் கிளறிச் சாம்பலாகும் வரை எரியுங்கள். கறுப்பு முழுதும் போன பிறகு மிஞ்சுவதை நிறுங்கள். சுத்தமான கருவேலக் கரியில் சாம்பல் சில கிராம்தான் இருக்கும். தூளில் 15 கிராம் வரை வந்தால் சலித்துச் சரிசெய்துகொள்ளலாம். 25, 30 என்று போனால் விலையை இறக்கிப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மண் கலந்த கட்டி அடுப்பில் பாதி எரிந்ததும் தன் சாம்பலாலேயே மூடிக்கொண்டு அணையும். வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

சலிப்பதற்கு இரண்டு சல்லடை போதும். முதல் சல்லடை அரை அங்குலக் கண். அதில் நிற்கும் துண்டுகளைத் தனியாக அள்ளுங்கள், சில்லுக்கரியாக அப்படியே விற்கும். இரண்டாவது 3 மில்லிமீட்டர் கண். அதற்குக் கீழே விழுவதுதான் கட்டிக்கு. நடுவில் நிற்பதை இடித்தோ அரைத்தோ சேர்த்துக்கொள்ளலாம். கல்லும் குறுமணலும் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடித் தூளைத் தூவுங்கள். கரி சற்று நேரம் மிதக்கும், மணல் உடனே அடியில் உட்காரும்.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டம் பிரித்த சூட்டோடு தூளை அள்ளிக் குவிக்காதீர்கள். புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும். தூளில் அது இன்னும் வேகம். வெளியே ஆறியது போலத் தெரியும், உள்ளே கங்கு இருக்கும். மெல்லிசாகப் பரப்பி ஒரு முழு நாளாவது ஆறவிட்டு, அதன் பிறகு சாக்கில் கட்டுங்கள்.

3. கையால் ஒரு சாக்குக் கரிக்கட்டி செய்து பாருங்கள்

மிஷின் வேண்டாம். இரண்டடி நீள பிவிசி குழாய்த் துண்டும், அதற்குள் இறங்குகிற மரக்கட்டையும் போதும்.

பசைக்கு மரவள்ளி மாவுதான் நம் ஊருக்கு ஏற்றது. சேலம், நாமக்கல் பக்கத்து ஸ்டார்ச் ஆலைகளிலிருந்து மூட்டையாக வருகிறது. அளவு: 100 கிலோ காய்ந்த தூளுக்கு 5 கிலோ மாவு, ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர். மாவை முதலில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மிச்சத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் துழாவுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலக் கூழாகும். அந்தப் பதம்தான் பசை. பச்சை மாவை அப்படியே தூளில் கலந்தால் ஒட்டாது. காய்ந்ததும் கட்டி உதிரும்.

சூட்டோடு சூடாகத் தூளில் ஊற்றி மண்வெட்டியால் புரட்டிப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவு பதம் வேண்டும்: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கலந்த சாந்தைக் குழாயில் போட்டுக் கட்டையால் அழுத்தி அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் புளித்து நாறும், ஒட்டும் தன்மையும் குறையும்.

மாவுச் செலவைக் குறைக்க எல்லோரும் வேறு பசை தேடுவார்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி மலிவு, ஆனால் அளவு கூடுதலாக வேண்டும், சீக்கிரம் புளிக்கும். களிமண் ஒட்டும்; எரியாது, சாம்பலைக் கூட்டும். சாணி கலந்தால் புகையும். கரும்பு ஆலையின் கழிவுப் பாகான மொலாசஸ் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வார்கள். புகையும் நெடியும் வரும் என்பது ஒருபக்கம் இருக்க, தமிழ்நாட்டில் அதை வாங்கவும் இருப்பு வைக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். அந்த வம்பே வேண்டாம். சிமெண்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

மாவை 8 கிலோ வரை ஏற்றினால் கட்டி கல் மாதிரி இருக்கும், விலையும் ஏறிவிடும். 5 கிலோவில் ஒரு தட்டு, 4 கிலோவில் ஒரு தட்டு, 6 கிலோவில் ஒரு தட்டு அடித்துக் காயவையுங்கள். காய்ந்த கட்டியை இடுப்புயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். உடையாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் தூளுக்கு உரிய அளவு. ஒவ்வொரு களத்துத் தூளுக்கும் இது மாறும்.

4. அந்த ஒரு சாக்கோடு வாங்குபவரைத் தேடிப் போங்கள்

சுடுகறிக் கடை, தந்தூரி அடுப்பு வைத்த ஓட்டல், கரி பாய்லர் வைத்த டீக்கடை, பட்டறை இவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். கட்டி பிடிப்பதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், பிடித்தால் உருட்டுக்கரியைவிடச் சீராக நின்று எரியும். இதை வாயால் சொல்லாதீர்கள். அவர்கள் அடுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். சட்டென்று சூடு வேண்டும் என்கிறவர்களிடம், அடியில் கொஞ்சம் சில்லுக்கரி வைத்து மேலே கட்டி அடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். இஸ்திரி போடுகிறவர்கள் சாம்பல் பறப்பதைச் சகிக்கமாட்டார்கள், அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மாதம் எத்தனை சாக்கு எடுப்பார்கள், என்ன விலை கொடுப்பார்கள் என்று நான்கைந்து பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். வெறும் லெட்டர்பேடில் இரண்டு வரி போதும். வங்கியில் இந்தக் காகிதம் பேசும்.

ஏற்றுமதி ஆசை காட்டும் தரகர்கள் வருவார்கள். மரக்கரி ஏற்றுமதிக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு உண்டு. 2022 மே மாதம் மூங்கில் கரிக்குத் தடை நீக்கினார்கள். அதைக் காட்டி எல்லாக் கரிக்கும் வழி திறந்துவிட்டது என்று சொல்வதை நம்பாதீர்கள். கப்பலில் கரி ‘தானாகத் தீப்பற்றும் சரக்கு’ என்ற வகையில் வருகிறது, அதற்குத் தனிச் சோதனையும் பேக்கிங்கும் வேண்டும். முதல் இரண்டு வருடம் உள்ளூரையே பாருங்கள்.

5. கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முறையைப் பாருங்கள். தூள் களத்துக்கு வந்து இறங்கும் விலை கிலோ 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ தூள் 400. மாவு 5 கிலோ, கிலோ 50 வீதம் 250. நாளைக்கு 300 கிலோ அடிக்கும் இரண்டு பேருக்குத் தலா 600 கூலி என்றால் 100 கிலோவுக்கு 400. கரண்டும் விறகும் 50. சாக்கு நான்கு, 60. மொத்தம் 1,160 ரூபாய்.

உடைசல், ஈரம் போக 90 கிலோ விற்பனைக்குக் கிடைத்தால் கிலோ அடக்கம் ஏறக்குறைய 13 ரூபாய். அதன் மேல் வாடகை, ஏற்றுகூலி இறக்குகூலி, வண்டி, கடன் தவணை எல்லாம் சேர்த்து 3 ரூபாயாவது வையுங்கள். இப்போது அதே தூளில் 20 கிலோ தண்ணீர் இருந்திருந்தால் கிடைப்பது 70 கிலோ. அடக்கம் பதினாறரை ரூபாய். மற்றச் செலவுக்கு முன்னாலேயே கிலோவுக்கு மூன்றரை ரூபாய் போய்விட்டது. இரண்டாம் படியில் தராசோடு உட்காரச் சொன்னது இதற்குத்தான்.

6. காகிதங்கள், இந்த வரிசையில்

இடம். சொந்த இடமென்றால் பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று. வாடகை என்றால் கடன் காலம் முழுதும் அடங்குகிற மாதிரி ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 11 மாத ஒப்பந்தத்தை வங்கிக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி முத்திரைத்தாள் செலவு. வீடுகளுக்கும் பள்ளிக்கும் காற்றடிக்கும் திசையில் இடம் பார்க்காதீர்கள். கறுப்புத் தூள் கொடித் துணியில் படிந்தால் எந்த உரிமமும் உங்களைக் காப்பாற்றாது.

உத்யம் பதிவு. சிறுதொழில் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு இது. ஆதாரும் பான் கார்டும் போதும், எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை, கட்டணம் கிடையாது. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட தனியார் பக்கங்கள் முதலில் வந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இதில்தான் அதிகக் குழப்பம். ‘கரி தயாரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் மூட்டம் போடப்போவதாக எடுத்துக்கொள்வார்கள். அது வேறு வகை, வேறு நிபந்தனை. விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்: வெளியே தயாரான மரக்கரித் தூளை வாங்கி, மரவள்ளிப் பசை கலந்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைக்கும் வேலை; பசை காய்ச்சும் அடுப்பைத் தவிர எரிப்பதோ கருக்குவதோ இல்லை; கழிவுநீர் இல்லை. ஒரு பக்கத்தில் செய்முறைப் படமும் வரைந்து வையுங்கள். எந்த வகையில் வருகிறது என்பதை மாவட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொன்னதை நம்பி அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஒவ்வொரு அலுவலகமும் இந்தக் கடிதத்தைத்தான் கேட்கும்.

ஊராட்சி அல்லது பேரூராட்சி உரிமம். எத்தனை எச்பி மோட்டார் என்று கேட்பார்கள், கட்டணம் அதைப் பொறுத்தது. தீயணைப்புத் துறையின் ஆலோசனையையும் இதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

வனத்துறை. பட்டா நிலத்துக் கருவேலமாக இருந்தாலும், கரியை வண்டியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். தூள் வாங்கும் ஒவ்வொரு தடவையும் மூட்டக்காரரிடமிருந்து எந்தச் சர்வே எண் நிலத்து மரம் என்று எழுதிய ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். சாலையில் வண்டியை மறித்தால் அந்த ரசீதுதான் துணை. வெட்டு எங்கே நடந்தது என்று சொல்லத் தயங்குகிறவரிடம் தூள் வாங்காதீர்கள்.

மின் இணைப்பு. 12 கிலோவாட் வரையுள்ள குடிசை, குறுந்தொழில்களுக்கு 3ஏ1 என்ற குறைந்த கட்டணப் பிரிவு உண்டு. உத்யம் சான்று வைத்து அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கூடுதல் கட்டணப் பிரிவில் போட்டுவிடுவார்கள். வீட்டு இணைப்பிலோ விவசாய இலவச மின்சாரத்திலோ ஒரு நாள்கூட மோட்டார் ஓட்டாதீர்கள். அபராதம் ஒரு வருட லாபத்தைத் தின்றுவிடும்.

ஜிஎஸ்டி. சரக்குக்கு வரி உண்டென்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்போது பதிவு கட்டாயம். அதற்குள் இருந்தாலும் கேரளாவுக்கோ பெங்களூருக்கோ ஒரு லோடு அனுப்பினால் பதிவு வேண்டும். பில்லில் போட வேண்டிய மரக்கரியின் சரக்கு வகை எண் (எச்எஸ்என்) 4402; கட்டியாக அழுத்தினாலும் அதே எண்தான். இதை ஆடிட்டரிடம் சொல்லி அன்றைய வரி விகிதத்தை எழுதி வாங்குங்கள். நிலக்கரிக் கட்டியின் எண்ணைப் போட்டு பில் அடித்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

தராசு முத்திரை, பாக்கெட் பதிவு. மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் துறையில் முத்திரை வாங்க வேண்டும். 2 கிலோ, 5 கிலோ என்று கடைக்குப் பாக்கெட் போடுவதாக இருந்தால் பொட்டலப் பொருள் விதிகளின்படி பதிவு வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பாக்கெட்டில் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அச்சாக வேண்டும்.

இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இடத்து ஒப்பந்தமும் உத்யமும் கையில் வந்ததும் மாசு வாரியம், ஊராட்சி, மின்வாரியம் மூன்றுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

7. கடனும் மானியமும்

மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சமூகத்தினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினருக்கு 35 சதவீதம் மானியம் என்பது விதி. நம் பக்கத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது பிரிவில் வந்துவிடும். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் திட்ட மதிப்பு போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அன்றைய சுற்றறிக்கையைக் கேட்டுப் படியுங்கள்.

இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, இது புதுத் தொழிலுக்கான மானியம். கடன் அனுமதி வருமுன் மிஷினை வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டால் தகுதி போய்விடும். இரண்டு, மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நிற்கும், தொழில் நடப்பதைப் பார்த்த பிறகுதான் கடனில் கழியும். அதனால் முதல் மூன்று வருடத் தவணையை மானியம் இல்லாதது போலவே கணக்கிடுங்கள்.

சின்ன அளவில் தொடங்குகிறவர்களுக்கு முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும், அது போதும்.

8. இப்போது மிஷின்

உங்கள் தூளையே இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு மிஷின் செய்யும் பட்டறைக்குப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் மாதிரித் தூளில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும். வெளிவருவதை எடை போட்டுப் பாருங்கள். ஈரத்தோடு வரும் எடையைத்தான் அவர்கள் ‘மணிக்கு இத்தனை கிலோ’ என்று சொல்கிறார்கள், காய்ந்தால் அதில் கால் பங்குக்கு மேல் குறையும்.

மணலுள்ள கரித்தூள் இரும்பைத் தின்னும். திருகு, அச்சு இரண்டும் தேயும் பாகங்கள்; மாற்றுப் பாகத்தின் விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுத வையுங்கள். மோட்டார் முழுதும் மூடிய வகையாக இருக்கட்டும், திறந்த மோட்டாருக்குள் கரித்தூள் புகுந்தால் எரிந்துபோகும். நடுவில் துளையுள்ள கட்டியே நல்லது, சீக்கிரம் காயும், காற்றோட்டத்தோடு எரியும்.

9. காயவைத்தல், இருப்பு, பாதுகாப்பு

தரையில் போட்டுக் காயவைத்தால் அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும். கம்பிவலைத் தட்டுகளை அடுக்கடுக்காகச் செய்துகொள்ளுங்கள். முதல் நாள் நிழலில், பிறகு வெயிலில். எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் போட்டால் வெடிப்பு விடும். நல்ல வெயிலில் நான்கைந்து நாள் ஆகும். ஒரு கட்டிக்கு அடையாளமிட்டுத் தினமும் நிறுங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தியை நம்பி ஆர்டர் பிடிக்காதீர்கள். மாவுப் பசைக் கட்டி நனைந்தால் கரைந்துவிடும், ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். தை முதல் புரட்டாசி வரை அடித்து, மழைக்காலத்துக்கு வேண்டியதை இருப்பு வைக்க வேண்டும். அதற்கான கொட்டகையும் முடங்கும் பணமும் வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இருக்கட்டும். நடைமுறை மூலதனத்தில் இதைச் சேர்க்காததால் மூடிய யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சலிக்கும் இடத்தில் பீடி, தீக்குச்சி, மூடாத பல்பு எதுவும் கூடாது. காற்றில் மிதக்கும் கரித்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். வேலை செய்கிறவர்களுக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது. சாக்குகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கட்டைமேல் அடுக்கி, இடையில் நடக்க வழி விடுங்கள். புதிதாக வந்த சாக்குகளுக்குள் முதல் வாரம் தினமும் கைவிட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே வெளியே எடுத்துப் பரப்புங்கள்.

விற்கும் ஒவ்வொரு சாக்கிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சடியுங்கள்: ‘மூடிய அறைக்குள் எரிக்காதீர்கள்.’ எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மார்கழிக் குளிருக்குக் கனல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழாமல் போயிருக்கிறார்கள். கட்டி புகையாமல் எரிகிறதே என்று வாடிக்கையாளர் தைரியமாக உள்ளே வைத்துவிடுவார். புகை இல்லாவிட்டாலும் வாயு உண்டு என்பதைச் சாக்கைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.